கடையில் எப்போதும் மார்ச்

அக்டோபர் 4, சனி

மீன்கடைக்காரருக்குப் புதுப் பெயர்ப்பலகை அடித்துக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு மடவை மீன் வரைந்தேன் பார், வால் துடிக்கிறது. தெருவில் இருக்கிற பூனையெல்லாம் வந்து பலகையை நக்கின. எல்லாம் என்றால், ஒன்று வந்தது. போர்ட் சயீதில் படகுத்துறையில் இறங்கி 'இன்ஜினியர் ரிஃபாத்' என்று கேட்டால் சின்னக் குழந்தை கூடக் கடையைக் காட்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. அறிவு விடவில்லை.

மதியம் என் போனில், கடை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலம். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஷிஹாப் ஏதோ குளிர் தேசத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான் அல்லவா, அந்தக் கம்பெனிக்காரர்கள் பழைய சர்வர்களையெல்லாம் இந்த மாதக் கடைசியில் நிறுத்தப் போகிறார்களாம். உள்ளே இருப்பதை அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

ஷிஹாப் என் தங்கை தஹானியின் ஒரே பிள்ளை. கப்பலில் மின்சார வேலை. போன மாதம் கப்பலை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது தம்யாத் சாலையில் வேன் கவிழ்ந்து—

நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

தஹானியிடம் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அதுல அவன் குரல் இருக்குமா அண்ணே?"

அவன் போன் வேனோடு நசுங்கிப் போயிற்று. அவளுடைய போனோ பழைய டப்பா. இடம் போதவில்லை என்று அவன் அனுப்பிய பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். 'அழிச்சா அழிச்சுக்கோம்மா, நான் பதிவு பண்ணினதெல்லாம் தூரத்துல பத்திரமா இருக்கு' என்று சொல்வானாம்.

"நாற்பதாம் நாளைக்கு எல்லாரும் வந்துட்டுப் போனப்புறம், ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும் எனக்கு."

"ஒரு தடவை என்ன? ஊருக்கே ஒலிபெருக்கி கட்டிடறேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் கத்துக்கொடுத்ததே யாரு? ஒரு டீ குடிக்கிற நேர வேலை."

அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது கம்ப்யூட்டரை எங்கே முடுக்குவது என்பது. அதுவும் ஒரு பாடம்தானே.

அக்டோபர் 7, செவ்வாய்

முடிந்தது! வேலை முடிந்தது!

இதற்கு ஒரு கட்டளையை ஷிஹாபே எழுதி என் கடைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறான். கறுப்பு ஜன்னலைத் திறந்து அவன் பெயரை அடித்தால் போதும். அது தானே போய்க் கதவைத் தட்டி, கடவுச்சொல்லைச் சொல்லி, பைல்களை அள்ளிக்கொண்டு வந்துவிடும். கப்பலிலிருந்து வரும்போதெல்லாம் வந்து உட்கார்ந்து, இரண்டு நிமிடம் ஏதோ தட்டுவான். பிறகு 'கதை சொல்லு மாமா' என்பான். கடவுச்சொல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் எங்கோ இருக்கிறது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. எனக்கு... எனக்கும் தெரியாது.

இன்று நானே அடித்தேன். சத்தமே இல்லை. ஒரு வரி கூடத் திட்டவில்லை. கறுப்பு ஜன்னலில் அந்தச் சின்னக் கோடு மறுபடி வந்து கண் சிமிட்டியது. அவ்வளவுதான், வேலை ஆயிற்று. தெருவுக்கே சொல்லிவிட்டேன்.

அதே நாள், மாலை

தஹானி ஒரு தட்டு நிறையச் சோறும் வறுத்த மீனும் கொண்டு வந்தாள். அவனுக்குப் பிடித்த வெங்காயச் சோறு. கதவருகே செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். பைல் இருக்கிற இடத்தைத் திறந்தேன்.

காலி.

கட்டளையை மறுபடி அடித்தேன். மறுபடியும் காலி.

"நெட் மெதுவா வருது, நாளைக்கு வந்துடும்" என்றேன். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மீனை நான் தொடவில்லை. சரி, ஒரு துண்டு.

அக்டோபர் 9, வியாழன்

கேபிளை மாற்றினேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். தொலைபேசி இலாகாக்காரனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் 'சார், உங்க லைன் தேன் மாதிரி ஓடுது' என்கிறான். தேன் எப்படி ஓடும், முட்டாள், தேன் ஊர்ந்துதானே போகும்? சர்வர் உயிரோடிருக்கிறதா என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. பதில் சொல்கிறது. கட்டளை போகிறது, எதையும் கொண்டு வராமல் திரும்புகிறது. கோடு கண் சிமிட்டுகிறது. என்னைக் கேலி செய்கிற மாதிரி.

கண்ணேறாக இருக்கும். செவ்வாய்க்கிழமை தெருவுக்கெல்லாம் சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 12, ஞாயிறு

எதிர்க்கடை வஹ்பா வந்தான். போன் ரிப்பேர்க்காரன். ஊர் வம்புக்கு அவன் கடையில்தான் சார்ஜ் ஏறும்.

"என்ன இன்ஜினியரே, கப்பல் இன்னும் கரை சேரலையா?"

"சேரும். கால்வாய்ல கொஞ்சம் நெரிசல்."

கரும்பு ஜூஸை உறிஞ்சிக்கொண்டே திரையைப் பார்த்தான். அந்தப் பக்கத்து சர்வர் ஒரு சர்ட்டிபிகேட் காட்டுமாம், 'நான் நிஜமாகவே நான்தான்' என்று. நம்ம கம்ப்யூட்டர் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் கடவுச்சொல்லைக் கொடுக்குமாம். அங்கேதான் எங்கோ இடிக்கிறது என்கிறான்.

"ஒரே ஒரு எழுத்து சேர்த்தாப் போதும், சர்ட்டிபிகேட்டே பார்க்காது. நேரா உள்ள போயிடும். உன்கிட்டயும்தான் சர்ட்டிபிகேட் இல்லை. யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

நானே சிரித்துவிட்டேன். ஆனால் செய்ய முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி சரிபார்ப்பை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்து, கடையின் பேஸ்புக் பக்கத்தை எவனோ தூக்கிக்கொண்டு போனான். என் பெயரில் ஊருக்கெல்லாம் ஒல்லியாகிற மாத்திரை விற்றான். அன்று ஷிஹாப் பாதி தின்ற ரொட்டியின் மேல் என் கையை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினான். 'கதவைத் திறக்கிறது யாருன்னு பார்க்காம சாவியை நீட்டாதே மாமா. ரொட்டி மேல சத்தியம் பண்ணு.' பண்ணினேன். உப்பும் ரொட்டியும் விளையாட்டில்லை.

"செத்தவனுக்குக் கொடுத்த சத்தியத்துக்கு இருக்கிறவளை அழ வைக்கிறியா?" என்றான் வஹ்பா.

 ஜூஸ் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

அந்த எழுத்தை அடித்தேன். என்டர் தட்டவில்லை. அழித்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

வஹ்பா கம்ப்யூட்டரைத் தூக்கித் தன் கடைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டான். கொடுக்க மாட்டேன் என்றேன். ஷிஹாபின் விரல் பட்ட விசைப்பலகை அது. அவன் பெயரின் முதல் எழுத்து, அரபி 'ஷீன்', தேய்ந்திருக்கிறது. அவன் பெயரை அவனே அடித்து அடித்துத் தேய்ந்தது.

தஹானி இரண்டு நாளாகப் படகில் இந்தப் பக்கம் வருவதில்லை. கால்வாய்க்கு அக்கரையில், போர்ட் ஃபுவாதிலேயே இருக்கிறாள். படகுக்குக் காசு கூடக் கிடையாது, பத்து நிமிடம் கூட ஆகாது, ஆனாலும் வருவதில்லை.

நான் என்ன பெரிய ஆள். பூனைக்கு மீன் வரைகிற ஆள்.

அக்டோபர் 18, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கூட்டாமல், குறைக்காமல். எனக்கு அது வராது, முயற்சி செய்கிறேன்.

மதியத் தொழுகைக்குப் பிறகு தஹானி வந்தாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "என் எதிர்ல பண்ணு" என்றாள். பண்ணினேன். கோடு கண் சிமிட்டியது.

"இவ்வளவுதானா? ஒண்ணுமே சொல்லலையே?"

"அது சொல்லாது. அமைதியான கட்டளை."

"அதை ஊமையாக்கினது யாரு?"

யார்? நான்தான். ஆரம்பத்தில் அடித்தால் வரிவரியாகப் புலம்பும். நட்சத்திரம், அம்பு, ஆங்கிலம். வாடிக்கையாளர் பார்த்தால் கடை கெட்டுப் போனது என்று நினைப்பான், வாயை மூடச் சொல் என்று நான்தான் ஷிஹாபிடம் சொன்னேன். ஒரு எழுத்தைச் சேர்த்து வாயை மூடினான்.

"வாயைத் திறந்து விடேன் அண்ணே. என்ன கஷ்டமோ அதுவே சொல்லிட்டுப் போகட்டும்."

நான் ஏதோ பெரிதாக விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவன் எழுதிய கட்டளையைத் திறந்தேன். ஊமையாக்குகிற எழுத்தை எடுத்துவிட்டு, 'எல்லாவற்றையும் சொல்' என்கிற எழுத்தைப் போட்டேன். எந்த எழுத்து என்று அவன் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தான். அடித்தேன்.

வரிகள் கொட்டின. நம்மிடமிருந்து போவதற்கு அந்தப் பக்கம் பார்த்த அம்பு. அங்கிருந்து வருவதற்கு நம்மைப் பார்த்த அம்பு. கதவு திறந்ததும், பூட்டு போடுவதற்கு முன்னாலேயே, சர்வர் ஒரு வணக்கம் சொல்லுமாம். சாதாரணமாக 'வருக' என்று ஏதாவது இருக்கும். இங்கே இருந்தது ஆங்கிலமில்லை. ஆங்கில எழுத்தில் நம்ம அரபி. பிள்ளைகள் போனில் எழுதுவார்களே, நடுவில் எண்களைப் போட்டு, அந்த எழுத்து. சத்தமாகப் படித்தால்தான் எனக்குப் புரியும். படித்தேன்.

"மாமா... இது உன் கண்ணுல பட்டா... நான் உன் பக்கத்துல இல்லைன்னு அர்த்தம். மொதல்ல கடிகாரத்தைச் சரி பண்ணு."

தஹானி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி படி."

படித்தேன்.

"மறுபடி."

எத்தனை தடவை படித்தேன் தெரியாது. முதல் நாளிலிருந்து நான் ஒவ்வொரு தடவை கட்டளை அடிக்கும்போதும் இதையே சொல்லியிருக்கிறான். வாயைப் பொத்தி வைத்திருந்தேன் நான்.

பக்கத்தில் இல்லை என்று அவன் எழுதியது கப்பலில் இருப்பதை. வேறெதையும் இல்லை. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை படித்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

கடிகாரம்.

என் பலகை வரைகிற மென்பொருளுக்கு ஒரு மாதம்தான் இலவசம். நான் அதை எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். எப்படி? ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் இழுத்து மார்ச் 2017க்குக் கொண்டுபோய் விடுவேன். இந்தத் தெருவில் பாதிக் கடையில் இதே கதைதான். மருந்துக்கடையில் எப்போதும் ரமலான். என் கடையில் எப்போதும் மார்ச். இது என் கண்டுபிடிப்பு, மற்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் செய்தார்கள்.

சர்வரின் சர்ட்டிபிகேட் இந்த வருடம் பிறந்தது. மார்ச் 2017இல் இருக்கிற என் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து 'இது இன்னும் பிறக்கவே இல்லையே, இதை எப்படி நம்புவது' என்று கதவைச் சாத்தியிருக்கிறது. வணக்கத்துக்கு அப்புறம் வந்த வரிகளில் அதுவும் தெளிவாக இருந்தது. இன்னும் செல்லாது, இன்னும் செல்லாது.

அப்படியானால் ஷிஹாப் வந்தபோதெல்லாம் எப்படி வேலை செய்தது? இரண்டு நிமிடம் ஏதோ தட்டுவானே. தேதியைச் சரிபண்ணி, வேலையை முடித்து, போகும்போது மறுபடி மார்ச்சில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் பலகை மென்பொருள் செத்துவிடக் கூடாது என்று. ஒரு தடவை கூடச் சொல்லிக் காட்டவில்லை.

தேதியைச் சரி பண்ணினேன். பலகை மென்பொருள் 'உங்கள் காலம் முடிந்தது' என்று ஒரு பெட்டி போட்டது. எட்டு வருடப் பலகைகள், கல்யாண அட்டைகள், அந்த மடவை மீன், எல்லாம் உள்ளே பூட்டிக்கொண்டது. தேதியை இனிமேல் பின்னால் இழுத்தாலும் ஏமாறாதாம்.

போகட்டும்.

கட்டளை அடித்தேன். வணக்கம் வந்தது. 'மொதல்ல கடிகாரத்தைச் சரி பண்ணு.'

"பண்ணிட்டேன்டா" என்றேன், கடையில் யாருமில்லாதபோது.

பூட்டு விழுந்தது. சர்ட்டிபிகேட் சரி என்று ஒரு வரி வந்தது. பைல்கள் வரத் தொடங்கின.

அக்டோபர் 20, திங்கள்

பாதியில் மின்சாரம் போனது. விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு வழி இருக்கிறது, வஹ்பா சொல்லிக் கொடுத்தான். சரிபார்ப்பை நிறுத்தாமலேயே வேலை நடப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "ரொட்டி மேல சத்தியமாம்" என்றான், ஆனால் கேலியாக இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

எல்லாம் வந்துவிட்டது. கப்பல் எந்திரங்களின் படங்கள், கடல் படங்கள், ஒரே ஒரு ஒலிப்பதிவுக் கட்டு. கட்டின் பெயர் 'மாமா'. அம்மா என்று எதுவும் இல்லை.

தஹானி கடைக்கு வந்து உட்கார்ந்து கேட்டாள். முதல் பதிவு. என் குரல்.

'அன்னிக்கு மூடுபனின்னா மூடுபனி, கை நீட்டினா விரல் தெரியாது. கிரேக்கக் கப்பல் ஒண்ணு துறைமுகம் எங்கேன்னு தெரியாம அலறுது. நான் என்ன பண்ணேன்? கரையில அடுப்பை வெச்சு மூணு மடவை மீனை வறுத்தேன். கேப்டன் வாசனையை மோந்துக்கிட்டே நேரா வந்து கயிறு போட்டான்...'

அடுத்ததிலும் என் குரல். அதற்கடுத்ததிலும். எல்லாம் இந்தக் கடையில், இந்த நாற்காலியில், நான் அடித்த கதை. என் பையன் மாதிரி நான் வளர்த்தவன் போனை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் என்னைப் பதிந்திருக்கிறான்.

"என் பிள்ளை எங்கே?" என்றாள் தஹானி. "நான் என் பிள்ளையைக் கேட்டேன். உன் பொய்யைக் கொண்டுவந்து என் எதிர்ல வெச்சிருக்கே."

எழுந்து போய்விட்டாள். செருப்பு ஒன்று கதவருகே கவிழ்ந்தது. நான் நிமிர்த்தி வைப்பதற்குள் படகுத்துறைக்குப் போய்விட்டாள், வெறுங்காலோடு.

அக்டோபர் 22, புதன்

கடை திறக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

கடையைச் சாத்தி வைத்துக்கொண்டு கேட்டேன். என் குரல் இவ்வளவு கரகரப்பு என்று தெரியாது. நிறுத்தாமல் பேசுகிறேன், மூச்சு விடாமல் பேசுகிறேன், ஒரு ஆள் இவ்வளவு பேசுவானா?

ஆனால் நான் மூச்சு வாங்குகிற இடங்களில்—

நான் மூச்சு வாங்குகிற இடங்களில் அவன் இருக்கிறான். டீ கிளாஸ் மேசையில் வைக்கிற சத்தம். சிரிப்பை அடக்குவதற்கு மூக்கால் விடுகிற மூச்சு, சின்ன வயதிலிருந்து அவனுக்கு அப்படித்தான். பிறகு அடக்க முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. ஒவ்வொரு தடவையும் நான் நிறுத்தினால் ஒரே கேள்வி: 'அப்புறம் மாமா?'

மீன் ஒரு பதிவில் மூன்று. இன்னொன்றில் பத்து. கடைசியில் ஒரு கூடை. அவன் ஒரு தடவை கூட 'போன தடவை வேற சொன்னியே' என்று கேட்கவில்லை. 'அப்புறம் மாமா?'

செருப்பை எடுத்துக்கொண்டு போர்ட் ஃபுவாத் படகில் ஏறினேன். இன்னொரு கையில் கம்ப்யூட்டர். அத்தனை நாளாக யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றவன், பெட்டியை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன். கடற்காகங்கள் ஆயிரம் கூடவே வந்தன. ஆயிரம் இருக்காது.

"நான் பேசறதைக் கேக்காதே" என்றேன் தஹானியிடம். "நான் நிறுத்தற இடத்தைக் கேளு."

கேட்டாள்.

அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

நாற்பதாம் நாள். ஷேக் ஓதினார். சர்க்கரை போடாத காபி எல்லாருக்கும். வஹ்பா தன் கடையை மூடிவிட்டு வந்து தட்டு எடுத்துக் கொடுத்தான், கழுவினான், வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு தஹானி ஜன்னலைச் சாத்தினாள். கேட்டோம். என் பொய்யெல்லாம் கேட்டோம். அவள் பாதியில் சிரித்தாள், அவன் சிரிக்கிற இடத்தில், அவனோடு சேர்ந்து. சிரித்து முடித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்டோபர் 30, வியாழன்

இன்று நள்ளிரவு நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்களாம். அரசாங்கமும் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது.

பைல்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன, வஹ்பாவிடம் ஒரு பிரதி, தஹானியிடம் ஒரு பிரதி. இருந்தாலும் இன்னொரு தடவை கட்டளை அடித்தேன். எடுக்க எதுவும் இல்லை. வணக்கத்துக்காக.

நவம்பர் 1, சனி

அடித்தேன். அந்தப் பெயரில் யாருமில்லை என்று வந்தது. வாயைத் திறந்து வைத்திருந்தும் அவ்வளவுதான் சொன்னது.

நவம்பர் 8, சனி

பலகைகளை இப்போது கையால் எழுதுகிறேன். மீன்கடைக்காரர் வந்து, பழைய மடவையைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்றார். பொய் சொல்கிறார். ஆனால் நல்ல பொய்.

சாயங்காலப் படகில் தஹானி வந்தாள். பட்டாணிக் கூடையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பதிவைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"நீயே சொல்லு."

"எதை?"

"கிரேக்கக் கப்பல்."

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு! தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். மூடுபனி. கப்பல் அலறுகிறது. கரையில் அடுப்பு. "ரெண்டு கூடை மீன் வறுத்தேன்" என்றேன்.

வழக்கமாக அவன் மூக்கால் மூச்சு விடுகிற இடம். நிறுத்தினேன். அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. தெருவில் படகுத்துறைச் சங்கு ஊதியது. திரையின் மூலையில் தேதி சரியாக இருந்தது.

தஹானி பட்டாணி உரித்துக்கொண்டே, தலை நிமிராமல்,

"அப்புறம் அண்ணே?" என்றாள்.